ரொயோட்டா ஜிஆர்86 ஐ வருசம் முழுக்க ஓட எந்த ரயர்? ஒரு செட்டா, ரெண்டு செட்டா?

ஸ்காபரோ_86 (செப்டெம்பர் 28, இரவு 10:40)

வணக்கம் எல்லாருக்கும். கன நாளா இஞ்ச வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்பதான் முதல் தரம் எழுதிறன், நீளமாப் போனால் குறை நினையாதேங்கோ.

என்னட்ட 2022 ஜிஆர்86 நிக்குது, பிரீமியம், மனுவல் கியர், 18 இன்ச் றிம். போன வருசம் நவம்பர் தொடக்கத்திலதான் ஒருத்தரிட்ட இருந்து வேண்டினனான். கம்பனியில இருந்து வந்த அதே மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 தான் இப்பவும் கிடக்குது, அளவு 215/40 ஆர்18 (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின்ர உயரம் அதில 40 வீதம், றிம் 18 இன்ச்). வேண்டி ரெண்டு கிழமை ஓடியிருப்பன், ஒரு நாள் காலமை ஆறு மணிக்கு வேலைக்குப் போகேக்க வெளியில மைனஸ் 3, ஸ்நோவும் இல்லை மழையும் இல்லை, காஞ்ச றோட்டு, 401 ஹைவேயில இருந்து இறங்கிற வளைவில சாதாரணமாத்தான் போனனான், வளைவு முடியேக்க கொஞ்சம் காஸ் குடுத்தவுடன பின்பக்கம் அப்பிடியே வெளியில போட்டுது. காரின்ர கொம்பியூட்டர் பிடிச்சு நேராக்கினபடியால தப்பினன், பக்கத்தில ஒரு வாகனமும் வரேல்ல. வேலைக்குப் போய்ச் சேருமட்டும் கை நடுக்கம் நிக்கேல்ல. அண்டைக்கே காரை நிப்பாட்டிப்போட்டு ஏப்ரல் மட்டும் மனுசியின்ர கொறோலாவிலதான் போய் வந்தனான்.

இந்த வருசம் அது சரிவராது, மனுசியும் வேலைக்குப் போகத் தொடங்கிட்டா, கொறோலா அவவுக்கு வேணும். ஆனபடியால் ஜனவரி பெப்ரவரியிலயும் இந்தக் கார்தான் எனக்கு. ஸ்காபரோவில இருந்து மிசிசாகா, ஒரு வழி 45 கிமீ, கிழமைக்கு அஞ்சு நாள். டிசம்பரில ஒருக்கா மொன்றியலுக்கு மாமி வீட்டையும் போக வேணும்.

பிரச்சினை என்னெண்டால் நாங்கள் இருக்கிறது கொண்டோ (அடுக்குமாடி வீடு), நாலு ரயர் வைக்க இடம் இல்லை. ஒரு கடையில கேட்டனான், அவை சொல்லினம் நல்ல ஓல் சீசன் ஒரு செட் போட்டால் வருசம் முழுக்கக் காணும், ஏன் ரெண்டு செட்டுக்குக் காசைக் கொட்டுறீங்கள் எண்டு. இன்னொரு சிநேகிதன் சொல்லுறான், ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓல் சீசன் போடுறது பாவம், 200 ட்ரெட்வேர் ரயர் (கெதியாத் தேயும், ஆனால் நல்லாப் பிடிக்கிற வகை) போடு, அடுத்த சமர் மொஸ்போட் றேஸ் டிராக்குக்கும் போகலாம் எண்டு. எனக்கு மொஸ்போட் ஆசையும் இருக்குது, வருசத்துக்கு ஒரு நாளாவது. ஆனால் பயமும் இருக்குது, அந்த நவம்பர் காலமை இன்னும் மனசை விட்டுப் போகேல்ல.

கையில 2000 டொலர் மட்டும் வரும். என்ன செய்யலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

பிராம்ப்டன்_பிஆர்ஸி (செப்டெம்பர் 28, இரவு 11:25)

நண்பா வாங்க. நம்ம ரெண்டு பேர் காரும் ஒரே கார்தான், என்கிட்ட 2022 சுபாரு பிஆர்ஸி லிமிடெட், அதே 215/40 ஆர்18, அதே பைலட் ஸ்போர்ட் 4. அதனால என் அனுபவத்தை அப்படியே சொல்றேன்.

நானும் அபார்ட்மெண்ட்தான், இடம் இல்ல, அதனால முதல் வருஷமே ஓல் சீசன் போட்டேன், கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ், 225/40 ஆர்18. 215/40 ல சாய்ஸ் ரொம்ப கம்மி, 225/40 ல கிட்டத்தட்ட எல்லா கம்பெனியும் போடுறாங்க, நம்ம 7.5 இன்ச் ரிம்முக்கு அது சரியா உட்காரும், மொத்த உயரம் 8 மில்லிமீட்டர்தான் கூடும், ஸ்பீடோமீட்டர்ல பெருசா வித்தியாசம் தெரியாது. இந்த டயர்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், பட்டன்லயே (ரோட்ல படுற வெட்டுப் பகுதி) டி, டபிள்யூ, எஸ்னு மூணு எழுத்து வெட்டி இருப்பாங்க, தேயத் தேய முதல்ல எஸ் அழியும், அப்படின்னா இனிமே ஸ்நோவுக்கு ஆகாது, அப்புறம் டபிள்யூ அழியும், மழைக்கும் ஆகாது. அளவுகோல் வச்சு பார்க்கணும்னே இல்ல.

ரெண்டு குளிர்காலம் ஓட்டினேன். அக்டோபர்ல இருந்து டிசம்பர் நடுவு வரைக்கும் சொர்க்கம். காலைல 2 டிகிரி, மழை, எதுவா இருந்தாலும் பயமே இல்ல. லேசா ஸ்நோ விழுந்து உப்பு போட்ட ரோட்லயும் ஓகே. ஆனா ஒரு ஜனவரி ராத்திரி ஃப்ரீசிங் ரெயின் (விழுந்த உடனே ஐஸா உறையுற மழை), எங்க தெரு முனைல ஒரு ஸ்டாப் சைன், 30 ல வந்து பிரேக் பிடிச்சா கார் நிக்கவே இல்ல, ஏபிஎஸ் கடகடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, ஸ்டாப் சைனைத் தாண்டி நடு ரோட்ல போய் நின்னுச்சு. குறுக்க யாரும் வரல. அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். அடுத்த வருஷமே தனியா விண்டர் டயர் வாங்கிட்டேன்.

அதனால ஓல் சீசன் மோசம்னு சொல்ல மாட்டேன், நல்ல டயர், ஆனா அது "மூணு சீசன் பிளஸ் கொஞ்சம்", அவ்வளவுதான்.

---

ரயர்க்கடை_அண்ணை (செப்டெம்பர் 29, காலை 6:15)

தம்பி, நான் ஸ்காபரோவில ரயர் கழட்டிப் பூட்டுற வேலை 16 வருசமாச் செய்யிறன். முதல்ல உங்களுக்கு நடந்தது என்னெண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, அது விளங்கினால் மிச்சத்தை நீங்களே முடிவு செய்யலாம்.

அண்டைக்கு நீங்கள் பிழையா ஓடேல்ல. றோட்டும் பிழை இல்லை. ரயர் குளிரில இறுகிப்போச்சு. பைலட் ஸ்போர்ட் 4 சுத்தமான சமர் ரயர். றோட்டில கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கெல்லே, ரப்பர் இளகி அதுக்குள்ள போய் உக்காந்தாத்தான் பிடி வரும். வின்ரரில குசினிக்குள்ள தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைஞ்சு போறதைப் பாத்திருப்பியள், போத்தலைக் கவிட்டாலும் ஊத்துப்படாது. சமர் ரப்பருக்கும் அந்த மாதிரித்தான். 7 டிகிரிக்குக் கீழ போகப் போக இறுகிக்கொண்டு வரும், மைனஸ் 3 ல காஞ்ச றோட்டிலயே பிளாஸ்டிக் மாதிரி. அதோட நீங்கள் வெளிக்கிட்டு வந்த உடன ரயரில சூடும் இருந்திராது. பின்சில்லு இழுக்கிற கார், கையில 228 குதிரை வலு, காஸ் குடுத்தால் பின்பக்கம் போகத்தான் செய்யும். மைனஸ் 7 க்குக் கீழ அந்த வகை ரயர்களை ஓட வேண்டாம், வெளியில வச்சிருக்கவும் வேண்டாம், ரப்பர் வெடிச்சுப்போகலாம் எண்டு மிஷலினே எழுதியிருக்குது. போன வின்ரர் முழுக்க உங்கட கார் எங்க நிண்டது? வெளியில எண்டால் ரயரின்ர பக்கச் சுவரையும் பட்டன் இடுக்குகளையும் வடிவாப் பாருங்கோ, மயிர் மாதிரி வெடிப்பு இருந்தால் அதைத் திரும்ப ஓடவே வேண்டாம்.

இப்ப ஓல் சீசன் கதை. மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஓல் சீசன் 4 எண்டாலும் சரி, பிராம்ப்டன் தம்பி சொன்ன டிடபிள்யூஎஸ் எண்டாலும் சரி, பக்கச் சுவரில எம் பிளஸ் எஸ் (சேறு, ஸ்நோ) எண்டு இருக்கும், ஆனால் மூண்டு முனை மலையும் அதுக்குள்ள ஸ்நோப் பூவும் இருக்கிற அடையாளம் இருக்காது. எம் பிளஸ் எஸ் எண்டுறது பட்டன் வெட்டின மாதிரிக்குக் குடுக்கிறது, அதுக்கு ஸ்நோவில ஓடிப் பாத்த சோதனை ஒண்டும் இல்லை. மலை அடையாளம் கிடைக்கிறதுக்கு ஸ்நோவில இழுத்துப் பாக்கிற சோதனை இருக்குது. ஆனால் அதுவும் ஸ்நோவில எவ்வளவு கெதியா வெளிக்கிடுது எண்டு பாக்கிற சோதனைதான், ஐஸில எவ்வளவு தூரத்தில நிக்கும் எண்டு அது சொல்லாது. ஆனபடியால் அடையாளத்தை மட்டும் பாத்து வேண்டாமல் உண்மையான வின்ரர் ரயராப் பாருங்கோ.

ஒரு செட் காணும் எண்டு சொன்ன கடைக்காரர் உங்களிட்ட ஒரு கேள்வி கேக்க மறந்துபோனார். எத்தினை மணிக்கு வேலைக்குப் போறனீங்கள் எண்டு. பத்து மணிக்கு வெளிக்கிடுற ஆளுக்கு உப்பு லொறி போய் முடிஞ்சிருக்கும், ஆறு மணிக்குப் போற ஆளுக்கு அப்பிடி இல்லை. நீங்கள் ஆறு மணி ஆள்.

பட்டன் ஆழம் எவ்வளவு எண்டு அளந்து சொல்லுங்கோ. ரயரில டிஓடி எண்டு தொடங்கிற நம்பரின்ர கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கோ.

---

மொஸ்போட்_சனிக்கிழமை (செப்டெம்பர் 29, பகல் 12:50)

200 ட்ரெட்வேர் கதைக்கு நான் பதில் சொல்லுறன், ஏனெண்டால் அந்தப் பிழையை நான் செய்து பாத்தனான்.

என்னட்ட மஸ்டா எம்எக்ஸ்-5. ரெண்டு வருசத்துக்கு முதல் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ் போட்டு அதையே வேலைக்கும் ஓடினனான். டிராக்கில அந்த மாதிரி ரயர் வேற இல்லை, ரெண்டு சுத்து ஓடிச் சூடாகினாப் பிறகு கயித்தால கட்டி இழுத்த மாதிரிப் பிடிக்கும், ஸ்டீரிங்கில ஒவ்வொரு கல்லும் தெரியும். ஆனால் திங்கக்கிழமை காலமை 401 ல 14 டிகிரி மழையில அதே ரயர் வேற ரயர், சூடாகாது, பட்டனில தண்ணி போக வாய்க்கால் குறைவு, தண்ணி தேங்கி நிக்கிற இடத்தில ஸ்டீரிங் பாரமே இல்லாமல் லேசாப் போகும், உள்ளுக்க ஹம் எண்டு சத்தம், ரேடியோ கேக்கேலாது. 12,000 கிமீல முடிஞ்சுது. நீங்கள் ஒரு நாளைக்கு 90 கிமீ ஓடுறியள், ஒரு சமரே முழுசாத் தாங்காது.

இன்னொண்டு, ட்ரெட்வேர் நம்பரைப் பாத்து மயங்காதேங்கோ. பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02 340, டிடபிள்யூஎஸ்06 பிளஸ் 560 எண்டு போட்டிருக்கும். அந்த நம்பரை அந்தந்தக் கம்பனியே தங்கட ரயருக்குக் குடுக்கிறது. ஒரே கம்பனிக்குள்ள ஒப்பிடலாம், மிஷலினையும் கான்டினென்டலையும் அதை வச்சு ஒப்பிடுறது சரிவராது.

வருசத்துக்கு ஒரு நாள் மொஸ்போட் எண்டால் 4எஸ் ஓ ஸ்போர்ட் 02 ஓ தாராளமாக் காணும். மொஸ்போட் 3.957 கிமீ, பத்து வளைவு, வேகமான டிராக், ரெண்டாவது வளைவு பள்ளத்துக்குள்ள இறங்கி இறங்கித் திரும்பும், முதல் நாள் அந்த இடத்தில உங்களுக்கு ரயர் காணாது எண்டு தோணவே தோணாது, கண்ணுதான் காணாது. பழகிறதுக்கு சமர் ரயர்தான் நல்லது, எல்லை கிட்ட வந்தால் கீச்செண்டு கத்தி மெல்ல மெல்லச் சொல்லும், 200 வகை கடைசி மட்டும் பேசாமல் நிண்டுபோட்டு ஒரேயடியா விட்டிடும். அந்தக் காசை பிரேக் ஃபுளூயிடுக்கும் பிரேக் பாட்டுக்கும் போடுங்கோ, முதல் டிராக் நாளில மனுசர் அந்தரப்படுறது அதிலதான்.

முதல் வந்த 86 இருக்கெல்லே, 2012 ல வந்தது, அதுக்கு பிரைமசி எச்பி எண்டு சாதாரண ரயர்தான் கம்பனியில போட்டது. அந்தக் காரைச் செய்த டெட்சுயா டாடா வேணுமெண்டேதான் அப்பிடி விட்டவர், குறைஞ்ச வேகத்திலயே கார் சறுக்கிறது ஓடுற ஆளுக்கு விளங்க வேணும் எண்டு. இப்பவும் 17 இன்ச் ஜிஆர்86 க்கு அதே பிரைமசிதான் வருது. பிடி கூடக் கூடத்தான் சந்தோசம் எண்டு இந்தக் காரை வச்சுச் சொல்லேலாது.

---

ஸ்காபரோ_86 (செப்டெம்பர் 29, இரவு 9:10)

எல்லாருக்கும் சரியான நன்றி. உந்தத் தேங்காயெண்ணெய் விளக்கத்தை மனுசிக்கு வாசிச்சுக் காட்டினனான், அவ சொல்லுறா முதல்லயே ரெண்டு செட் வேண்டியிருக்கலாம் எண்டு.

அண்ணை, அளந்தனான். முன் ரயர் ரெண்டும் 3.5 மில்லிமீட்டர், பின் ரயர் வெளிப்பக்கம் 3, ஆனால் உள் விளிம்பில 2 மில்லிமீட்டருக்கும் கீழ, கை வைச்சால் வழுவழு எண்டு இருக்குது. கடைசி நாலு இலக்கம் 1122. வின்ரர் முழுக்கக் கார் நிண்டது கொண்டோவின்ர நிலக்கீழ் பார்க்கிங்கில, அங்க 10 டிகிரிக்குக் கீழ போறதில்லை, வெடிப்பு ஒண்டையும் காணேல்ல.

ரெண்டு கேள்வி. ஒண்டு, இடம் இல்லாததுக்கு என்ன செய்யிறது. ரெண்டு, ரெண்டு செட் எண்டால் 2000 க்குள்ள முடியுமோ?

---

ரயர்க்கடை_அண்ணை (செப்டெம்பர் 30, காலை 5:55)

1122 எண்டால் 2022 ஆம் ஆண்டு 11 ஆவது கிழமை செய்தது, காரோடயே வந்தது. வயது பிரச்சினை இல்லை, ஆனால் ரயர் முடிஞ்சுது தம்பி. ஒன்ராறியோவில 1.5 மில்லிமீட்டருக்குக் கீழ போனால் சட்டப்படி ஓடேலாது, உங்கட உள் விளிம்பு அதுக்குக் கிட்ட நிக்குது, மழைக்குள்ள 401 ல ஓடுறது இப்பவே ஆபத்து. உள் விளிம்பு மட்டும் தேயிறது எண்டால் அலைன்மென்ட் (சில்லுகள் நிக்கிற கோணம்) பிழை. புது ரயர் போட முதல் அதைச் சரிபண்ணுங்கோ, இல்லாட்டிப் புதுசும் அதே வழியிலதான் போகும், ஆரும் வேண்டிப் போட்டு ஒரு வருசத்தில திரும்பி வந்து ரயர் சரியில்லை எண்டு சண்டை பிடிக்கிறது கனக்க இந்த விசயத்திலதான்.

இப்ப காசு. ரெண்டையும் இப்பவே வேண்ட வேண்டாம். இப்ப செப்டெம்பர் முடிவு, இன்னும் அஞ்சாறு கிழமையில எப்பிடியும் வின்ரர் ரயர் போடப் போறியள். இப்ப வின்ரர் செட்டை றிம்மோட வேண்டுங்கோ, சமர் செட்டை ஏப்ரலில வேண்டுங்கோ. 2000 ரெண்டாப் பிரியும், அந்த இடைவெளியில கொஞ்சம் சேத்தும் வைக்கலாம். அதுமட்டும் மழை நாளில கொறோலா குடுக்கச் சொல்லி மனுசியிட்டக் கேளுங்கோ, இல்லாட்டி வின்ரரையே ஒக்ரோபர் நடுவில பூட்டுங்கோ, 15 டிகிரியில கொஞ்சம் கூடத் தேயும், ஆனால் வழுவழு எண்டு போன சமர் ரயரை விட நூறு மடங்கு நல்லது.

வின்ரருக்கு 18 வேண்டாம், 17 க்கு இறங்குங்கோ. உங்கட பிரேக் பெரிய பிரெம்போ வகை இல்லை, 17 க்குள்ள அடங்கும், அடிப்படை ஜிஆர்86 17 ஓட தான் வருது, அதே 215/45 ஆர்17 பூட்டலாம். 5x100 போல்ட் (100 மில்லிமீட்டர் வட்டத்தில அஞ்சு போல்ட்), நடு ஓட்டை 56.1 மில்லிமீட்டர். பழைய 86, எஃப்ஆர்-எஸ் (முந்தி இஞ்ச அதே கார் வித்த பெயர்) காரின்ர 17 இன்ச் றிம் கனபேர் விக்கிறவை, 400 - 500 டொலருக்கு எடுக்கலாம், வளைவு வெடிப்பு இருக்கோ எண்டு சுத்திப் பாத்து எடுங்கோ. 17 க்கு ரயர் விலையும் குறைவு, பக்கச் சுவரும் 11 மில்லிமீட்டர் கூட. மார்ச்சில ஐஸ் உருகி றோட்டுக் குழியெல்லாம் வாய் திறக்கேக்க அந்த 11 மில்லிமீட்டரின்ர அருமை தெரியும், ஒவ்வொரு வருசமும் அந்த மாசத்தில எனக்கு 18, 19 இன்ச் றிம் நெளிஞ்சு வாற கார்தான் கூட.

ரயர் எண்டால் மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, இல்லாட்டி பிளிசாக் டபிள்யூஎஸ்90. ஆறு மணி ஆளுக்கு ஐஸில நிக்கிற ரயர்தான் முதல் தேவை. பைலட் அல்பின் மாதிரி பெர்ஃபோமன்ஸ் வின்ரர் ரயர் இருக்குது, ஸ்டீரிங் நல்லா இருக்கும், காஞ்ச ஹைவேயில இறுக்கமா நிக்கும், ஆனால் ஐஸில இந்த ரெண்டுக்கும் கீழதான். உங்களுக்கு இனி ஒருக்கா அந்தக் கை நடுக்கம் வேண்டாம் எண்டு நினைக்கிறன்.

இடம் இல்லாததுக்கு, கன கடையள் ரயரைத் தாங்களே வச்சிருந்து சீசனுக்கு சீசன் மாத்திக் குடுக்கினம், ஒரு சீசனுக்கு நூறு டொலர் அளவில வரும். உங்கட காப்புறுதிக் கம்பனிக்கும் ஒருக்கா அடிச்சுச் சொல்லுங்கோ. 2016 ஜனவரியில இருந்து ஒன்ராறியோவில வின்ரர் ரயர் போட்டால் அவை கழிவு குடுக்கத்தான் வேணும், சின்னத் தொகைதான், ஆனால் வைக்கிற வாடகையில பாதியாவது அதில வரும்.

---

பிராம்ப்டன்_பிஆர்ஸி (செப்டெம்பர் 30, காலை 8:30)

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ரெண்டு செட்னா ரெண்டு மடங்கு செலவுன்னு நானும் முதல்ல நினைச்சேன். அப்படி இல்ல. ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேயாம படுத்திருக்கு. நீங்க தினம் 90 கிமீ, வருஷத்துக்கு வேலைக்கே 20,000 தாண்டும். நவம்பர் நடுவுல இருந்து ஏப்ரல் நடுவு வரைக்கும் விண்டர் செட்ல 9,000 - 10,000 போயிடும். அவ்வளவு கிமீ சமர் டயர்ல மிச்சம். ரிம்மும் சேர்ந்து வாங்கிட்டா வருஷத்துக்கு ரெண்டு தடவை டயரை ரிம்ல இருந்து பிச்சு மாட்டுற கூலியும் இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் அண்ணன்கிட்ட எனக்கு வேற கருத்து. சமர் செட்டுக்கு பதிலா பைலட் ஸ்போர்ட் ஓல் சீசன் 4 போட்டுட்டு, விண்டர் டயரை டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மட்டும் மாட்டலாமே? அக்டோபர் கடைசி, நவம்பர், ஏப்ரல், இந்த மாசங்கள்ல காலைல 1 டிகிரி, மதியம் 16. எந்த டயர் போட்டாலும் பாதி நாள் தப்பா இருக்கு. அந்த நேரத்துக்கு ஓல் சீசன்தான் சரின்னு எனக்கு தோணுது. நான் இப்ப அப்படித்தான் ஓட்டறேன். டிராக் போகாதவங்களுக்கு இது நிம்மதி.

---

ரயர்க்கடை_அண்ணை (செப்டெம்பர் 30, மாலை 7:20)

பிராம்ப்டன் தம்பி, நீங்கள் சொல்லுறது ஒரு ஞாயமான வழி, டிராக் ஆசை இல்லாத ஆள் வந்து கேட்டால் நானும் அதைத்தான் சொல்லுவன். அந்த ரயருக்கு 72,000 கிமீ உத்தரவாதம், 4எஸ் க்கு 48,000. மழையில அருமையான ரயர். ஆனால் இவருக்கு மொஸ்போட் போக வேணும். ஓல் சீசன் பட்டன் சின்னச் சின்னக் கீறலா வெட்டியிருக்கும், டிராக் சூட்டில அந்தக் கட்டையள் ஆடி ஆடி நாலைஞ்சு சுத்திலயே பிடி குறைஞ்சுபோகும், விளிம்பு பிய்ஞ்சு வரும். அதோட இந்தக் காரின்ர ஸ்டீரிங்தான் இந்தக் காரை வேண்டுறதுக்கே காரணம், வளைவுக்குத் திருப்பின உடன மூக்குப் போற அந்த உணர்ச்சி, ஓல் சீசன் போட்டால் அதில கொஞ்சம் மெத்தை வைச்ச மாதிரி இருக்கும். மே தொடக்கி ஒக்ரோபர் மட்டும் ஆறு மாசம் அவருக்கு அது முழுசாக் கிடைக்கட்டும்.

நடு மாசங்களுக்கு என்ர வழி இதுதான். காலமை 7 டிகிரிக்குக் கீழ ஒரு கிழமை தொடர்ந்து காட்டினால் மாத்து. மத்தியானம் எவ்வளவு எண்டு பாக்க வேண்டாம், நீங்கள் ஓடுற நேரத்தில எவ்வளவு எண்டு பாருங்கோ.

---

மொன்றியல்_அக்கா (செப்டெம்பர் 30, இரவு 10:05)

தம்பி டிசம்பரில மொன்றியல் வாறன் எண்டு எழுதியிருந்தபடியால் சொல்லுறன். இஞ்ச கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் வின்ரர் ரயர் சட்டம், அண்ணை சொன்ன மலை அடையாளம் இருக்க வேணும். அது கியூபெக்கில பதிஞ்ச காருகளுக்குத்தான், ஒன்ராறியோ நம்பர் தகட்டோட வாற உங்களை அதுக்காக மறிக்க மாட்டினம். ஆனால் சட்டம் இல்லை எண்டதுக்காக றோட்டு மாறாது. 401 முடிஞ்சு இஞ்சத்தை 20 ஆம் ஹைவே தொடங்கினாப் பிறகு காத்து வெட்டவெளியில குறுக்க அடிக்கும், ஸ்நோ றோட்டுக்குக் குறுக்க பாம்பு மாதிரி ஊரும், பாக்கக் காஞ்ச மாதிரி இருக்கும், கீழ பளிங்கு. நான் வொக்ஸ்வாகன் ஜிடிஐ ஓடுறனான், எட்டு வின்ரர் இஞ்ச பாத்திட்டன், அந்தத் துண்டில ஒவ்வொரு வருசமும் பள்ளத்துக்குள்ள கிடக்கிற காருகளைப் பாக்கிறனான்.

மற்றது காத்து. வெளியில 20 இல இருந்து மைனஸ் 10 க்குப் போனால் ரயரில கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ குறையும். கராஜுக்குள்ள 10 டிகிரியில அளந்தால் சரியாக் காட்டும், வெளியில ஒரு இரவு நிண்டால் குறைஞ்சிடும். நிலக்கீழ் பார்க்கிங் ஆக்கள் எல்லாரும் இதில ஏமாறுகினம். மாமி வீட்டில இரவு வெளியில விட்டிட்டு விடிய வெளிக்கிட முதல் ஒருக்கா அளந்து, கதவில ஒட்டியிருக்கிற அளவுக்கு நிரப்பிப்போட்டு வெளிக்கிடுங்கோ.

மாமிக்கு முதலே சொல்லி வையுங்கோ, ஸ்நோ கொட்டுற எண்டால் ஒரு நாள் பிந்தி வருவம் எண்டு. எந்த ரயரும் அதுக்குப் பதில் இல்லை.

---

ஸ்காபரோ_86 (ஒக்ரோபர் 11, இரவு 8:30)

எல்லாரும் சொன்னதை வச்சுச் செய்தாச்சு, வந்து சொல்லாமல் விட்டால் சரியில்லை எண்டு எழுதிறன்.

எஃப்ஆர்-எஸ் 17 இன்ச் றிம் நாலு, அஜாக்ஸில ஒரு பொடியனிட்ட 450 டொலர். ஒண்டில சின்னக் கீறல், வளைவு இல்லை, சுத்தவிட்டுப் பாத்தனான். எக்ஸ்-ஐஸ் ஸ்நோ 215/45 ஆர்17 நாலும் பூட்டி, பலன்ஸ் பண்ணி, வரியோட 1080. அலைன்மென்ட் 130. பின்பக்கம் டோ (சில்லு உள்ளுக்கோ வெளியிலயோ திரும்பி நிக்கிற அளவு) சரியான பிழையாக் கிடந்ததாம், அச்சடிச்சுத் தந்த தாளைப் பாத்தனான், அதுதான் உள் விளிம்பைத் திண்டிருக்குது. போன நவம்பர் பின்பக்கம் போனதுக்கும் அதில ஒரு பங்கு இருந்திருக்குமோ எண்டு இப்ப யோசிக்கிறன்.

நேற்றுத்தான் பூட்டினது. 12 டிகிரியில ஓடிப் பாத்தன், ஸ்டீரிங் கொஞ்சம் களி மாதிரித்தான் இருக்குது, ஒத்துக்கொள்ளுறன், லேன் மாறேக்க ஒரு அரைச் செக்கன் பிந்தித்தான் கார் வருது. ஆனால் சத்தம் குறைவு, றோட்டுக் குழியில முந்தின மாதிரி இடுப்பு நோகேல்ல. பழைய பைலட் ஸ்போர்ட்டைக் கடையிலயே விட்டிட்டன், 18 றிம் மட்டும் கொண்டோ லொக்கருக்குள்ள ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கினால் போகுது, ரயர் இல்லாதபடியால் இடம் காணும். ஏப்ரலில 225/40 ல 4எஸ் ஓ ஸ்போர்ட் 02 ஓ, அப்ப வந்து கேக்கிறன்.

ஒரு கேள்வி மட்டும். ரயரில காத்து பாக்கிற சென்சர் இந்தப் பழைய றிம்மில இல்லை, டாஷ்போட்டில மஞ்சள் லைட் எரியுது. பரவாயில்லையோ?

---

ரயர்க்கடை_அண்ணை (ஒக்ரோபர் 12, காலை 6:05)

நல்ல வேலை செய்தியள் தம்பி. டோ பிழையாக் கிடந்தால் பின்பக்கம் பதட்டமா இருக்கிறது உண்மைதான், ரெண்டும் சேந்து வந்திருக்கலாம்.

கனடாவில அந்தச் சென்சர் கட்டாயம் இல்லை, லைட் எரியிறதுக்காக ஒருத்தரும் பிடிக்க மாட்டினம். ஆனால் லைட் எரிஞ்சுகொண்டே இருந்தால் உண்மையா ஒரு ரயர் காத்துப் போகேக்க உங்களுக்குத் தெரியவராது. ஏப்ரலில காசு மிஞ்சினால் ஒரு செட் சென்சர் போடுங்கோ, அதுமட்டும் மொன்றியல் அக்கா சொன்ன மாதிரி கையால அளக்கிறதைப் பழக்கமா வச்சிருங்கோ, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, கார் ஓட முதல், குளிரா இருக்கேக்க.

முந்தநாள் பூட்டினது எண்டால் இண்டைக்கு, நாளைக்கு, ஒரு 80, 100 கிமீ ஓடினாப் பிறகு நட்டுகளை டோர்க் சாவியால (இறுக்கத்தை அளந்து பூட்டுற சாவி) திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ. பழைய றிம், புது நட்டு எண்டால் இளகும். உங்களிட்ட டோர்க் சாவி இல்லாட்டி பூட்டின கடையிலயே காசு வாங்காமல் பாத்துத் தருவினம், போய்க் கேளுங்கோ.

---

ஸ்காபரோ_86 (ஒக்ரோபர் 12, இரவு 9:50)

பின்னேரம் வேலை முடிய அங்கயே போனனான் அண்ணை. வலப்பக்கப் பின்சில்லில ஒரு நட்டு அரைச் சுத்து வந்தது.